எல்லை அறியாத் தூசி

நுழையும்முன்

நோய் என்றால் காய்ச்சலோ வலியோ இருக்கும் என்று எண்ணுகிறோம். ஆனால், வெளிப்படையான அறிகுறி எதுவும் காட்டாமல் உடலில் தங்கிவிடும் நஞ்சும் உண்டு. அத்தகைய நஞ்சு ஒன்றை ஆய்வாளர்கள் எவ்வாறு அளந்து அறிந்தனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆலையும் ஊரும்

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ என்னும் நகரம் உள்ளது. அதன் எதிர்க்கரையில் இருப்பது மெக்சிகோ நாட்டின் ஹுவாரஸ் நகரம். இரண்டிற்கும் இடையே ரியோ கிராண்டே ஆறு எல்லையாக ஓடுகிறது. எல் பாசோவின் ஆற்றோரத்தில் 1887ஆம் ஆண்டு ஓர் உலோக உருக்காலை நிறுவப்பட்டது. மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் அங்கே வேலையில் அமர்ந்தனர். ஆலையின் அருகிலேயே வீடு கட்டி வாழ்ந்தனர். அவ்வூர் 'ஸ்மெல்ட்டர்டவுன்' எனப்பட்டது. 'உருக்காலை ஊர்' என்பது அதன் பொருள்.

ஆலை அவர்களுக்குச் சோறு போட்டது. அதே ஆலையின் புகையோடு காரீயத் துகள்களும் வெளியேறின. 1969 முதல் 1971 வரை மட்டும் வெளியேறிய காரீயம் 1012 மெட்ரிக் டன். அது காற்றில் பரவி, மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் படிந்தது.

அளந்து அறிந்த உண்மை

காற்று மாசு குறித்து 1970ஆம் ஆண்டு நகர நிருவாகம் ஆலையின்மீது வழக்குத் தொடுத்தது. 1972இல் மருத்துவர் பிலிப் லாண்ட்ரிகனும் அவருடைய குழுவினரும் ஆய்வில் இறங்கினர். அவர்கள் குழந்தைகளின் குருதியைச் சோதித்தனர். காற்று, மண், வீட்டுத் தூசி ஆகியவற்றிலுள்ள காரீயத்தையும் அளந்தனர். பின்னர், ஆலைக்கு அருகில் உள்ள வீடுகளையும் தொலைவில் உள்ள வீடுகளையும் ஒப்பிட்டனர்.

முடிவு தெளிவாக இருந்தது. ஆலைக்கு அருகில் காரீயம் மிகுந்தும், தொலைவு கூடக்கூடக் குறைந்தும் காணப்பட்டது. குழந்தைகளின் குருதியிலும் அதே நிலைதான். ஆலையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த 1 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுள் 53 விழுக்காட்டினருக்கு, 100 மில்லிலிட்டர் குருதியில் 40 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருந்தது. பின்பு ஹுவாரஸ் நகரத்துக் குழந்தைகளிடமும் அவர்கள் வீடுகளிலும் ஆய்வு நடைபெற்றது. மனிதர் வகுத்த எல்லை காற்றுக்கு ஏது?

குழந்தைக்கே மிகுதீங்கு

தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அவ்வழியே தூசியும் உட்செல்லும். உட்சென்ற காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் மிகுதியாக ஏற்கிறது. சுண்ணாம்புச் சத்தைப் போலவே காரீயமும் எலும்பில் சேர்ந்து பல்லாண்டுகள் தங்குகிறது. அது மூளை வளர்ச்சியையும் பாதிக்கிறது. எல் பாசோவில் நோய் அறிகுறி ஏதுமின்றி நலமாகத் தோன்றிய குழந்தைகளைச் சோதித்தபோது, காரீயம் மிகுந்தோர் அறிவுத்திறன் தேர்வின் ஒரு பகுதியில் மற்றவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். காரீயத்திற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து.

ஊர் மறைந்தது

ஆய்வுக்குப் பின் ஸ்மெல்ட்டர்டவுன் மக்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. தலைமுறைகளாக வாழ்ந்த ஊரைவிட்டு நீங்கப் பலர் விரும்பவில்லை. 1999இல் ஆலை இயங்குவது நின்றது. 2013இல் அதன் உயர்ந்த புகைபோக்கிகள் தகர்க்கப்பட்டன. புகை நின்றாலும் மண்ணில் படிந்த காரீயம் தானாக அழிவதில்லை. ஆகவே, ஆலை இருந்த நிலத்தைத் தூய்மை செய்யும் பணியும் தேவைப்பட்டது.

மொழி அறிவோம்

கருமை + ஈயம் = காரீயம்
வெண்மை + ஈயம் = வெள்ளீயம்

இவை இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால்தான். காரீயம் கலந்த பாத்திரத்தில் சமைத்தல் தீங்கு தரும்.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
விழுக்காடு – சதவீதம்
தாது – உலோகம் கலந்த கனிமம்
நிருவாகம் – ஆட்சிப் பணி

மதிப்பீடு

1. ஸ்மெல்ட்டர்டவுன் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. ஆய்வாளர்கள் எவற்றையெல்லாம் அளந்தனர்?
3. அருகில் உள்ள வீடுகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் காரீயம் ஆலையிலிருந்து வந்தது என்று உறுதியாகக் கூற முடியுமா? காரணம் தருக.
4. பெரியவர்களைவிடக் குழந்தைகளைக் காரீயம் மிகுதியாகத் தாக்குவது ஏன்?
5. நஞ்சு படிந்த ஊர் என்று அறிந்தபின்னும் மக்கள் பலர் அதைவிட்டு நீங்க விரும்பாதது ஏன்? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
6. 'தாது' என்னும் சொல்லைப் பயன்படுத்தி, உருக்காலையில் நடைபெறும் பணியை ஒரு தொடரில் எழுதுக.

செயல்பாடு

உம் வீட்டிலுள்ள உலோகப் பாத்திரங்களின் பெயர்களைத் தமிழில் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் எந்த உலோகத்தால் ஆனது என்பதைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு எழுதி வருக.