சாமி மலையேறிய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

உன் திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பையனை நெருப்பு சுடாது என்கிற கற்பனை எனக்குப் பிடித்திருக்கிறது. அவன் அம்மா கட்டை அடுக்கிக்கொண்டே பேசும் காட்சியில் நம் ஊர் அப்படியே இருக்கிறது. ஆனால், மருந்து முக்குகிற அறையில் தீப்பிடிக்கிறது. பையன் உள்ளே பாய்ந்து ஒரு பெண்ணைத் தூக்கிவருகிறான். வந்த கையோடு ஒரு பஞ்ச் டயலாக் பேசுகிறான். அந்த இடத்தில் எனக்கு மனசு விட்டுப்போனது.

தீப்பெட்டி ஆபீஸில் தீ என்றால் என்னவென்று தெரிந்த சனங்கள் உன் படத்தைப் பார்க்க வருவார்கள். அவன் அங்கே கைதட்டலுக்குப் பேசினால் அவர்களுக்குத் தீயும் பொய்யாகிவிடும், அவனும் பொய்யாகிவிடுவான்.

சிரிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. மடோன் அஸ்வின் 2023-இல் எடுத்த ‘மாவீரன்’ படத்தை மறுபடி பார். குடிசைச் சனங்களைக் கொண்டுபோய் வைத்த அடுக்குமாடியில் கை பட்ட இடமெல்லாம் பெயர்ந்து வருகிறது. முதலில் சிரிக்கிறோம். பிறகு அதே சுவர் உயிர்ப்பயம் ஆகிறது. சிரிப்பும் பயமும் ஒரே சுவரிலிருந்து வருவதால் தொனி பிசகவில்லை. படம் வரையும் சத்யா பயந்த சுபாவம். தலைக்குள் வீரம் பேசும் குரல் கேட்ட பிறகும், அதனிடமிருந்து தப்பிக்கத்தான் பார்க்கிறான். அதனால்தான் கடைசியில் அவன் எடுக்கிற முடிவுக்கு மதிப்பு.

பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ 2021-இல் வந்தது. தையல்காரன் ஜெய்சனையும் டீக்கடை ஷிபுவையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. ஊர் பைத்தியம் என்று ஒதுக்கிய ஷிபு, தான் காதலித்த உஷாவுக்காகக் காத்துக் கிடந்தவன். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகத்தில் அந்தக் காத்திருப்பைப் பார்க்கும்போது வில்லனுக்காக நம் கண் கலங்குகிறது. சக்தி வந்தால் உள்ளே கிடந்தது வெளியே வரும், அவ்வளவுதான். 2025-இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில், நகரமே அதிரும் சண்டைக்கு நடுவே அவன் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். அந்த ஒரு நொடியில் அவன் யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? நம் ஊர்க் கோயில் கொடையை நினைத்துப் பார். அருவாளோடு ஆடி வரும் சாமியாடிக்கு ஊரே வழிவிடும். அந்த நேரத்தில் யாரும் சிரிப்பதில்லை. சாமி மலையேறியதும் அவர் திண்ணையில் சாய்ந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். மறுநாள் பருத்திக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருப்பார். மழை பொய்த்த வருஷம் அவர் காடும் வெடித்துத்தான் கிடக்கும். உன் நாயகனை அந்தச் செம்புத் தண்ணீரில் தேடு.

பஞ்ச் டயலாக்கை எடுத்துவிடு. வெளியே வந்தவனின் கையை அவன் அம்மா பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு கொப்புளம்கூட இல்லை. அதைக் கண்டு அவள் பயப்படட்டும். அம்மாவின் பயத்தைப் பார்த்து அவனுக்கும் பயம் வரட்டும்.

இந்த ஒரு காட்சியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு. மீதியை அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்