கப்பல் நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை

கேள்வி: ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். ஜன்னலைச் சாத்தினாலும் ராத்திரி முழுக்க ‘கும்’மென்று ஒரு சத்தம். என்ன செய்வது?

பதில்: கரையில் கட்டிய கப்பலுக்கும் விளக்கு, பம்பு, குளிர்பதனக் கன்டெய்னர் என்று மின்சாரம் தேவை. அதற்காகத் துணை எஞ்சின் இரவு பகலாக ஓடும். அதன் தாழ்ந்த ஒலிக்கு ஜன்னல் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. கன்டெய்னர் இறங்கும் ‘டமார்’, லாரி பின்வாங்கும் ‘பீப் பீப்’ இரண்டையும் இடுக்கில்லாத கனத்த ஜன்னல் ஓரளவு குறைக்கும். சென்னை வெயிலில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை!

சத்தம் பிறக்கும் இடத்தில்தான் வைத்தியம். கரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் அந்த எஞ்சினை நிறுத்திவிடலாம். ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகம் 2000-லேயே சரக்குக் கப்பல்களுக்கு இதைத் தொடங்கியது. நியூசிலாந்தில் துறைமுகச் சத்தத்துக்கென்றே 1999-ல் தனித் தரநிலை வந்தது.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். அதை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். தெருவாசிகள் சேர்ந்து, தேதி, நேரம், கப்பல் பெயரோடு எழுதுங்கள். அளக்க வருகிறவர்களிடம் தாழ்ந்த அதிர்வெண்களைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். வழக்கமான ‘ஏ’ அளவீடு அவற்றைக் குறைத்தே காட்டும்.