சுமைகாவிகள் இல்லாத கன்னொறுவை



டிசம்பர் விடுமுறையில் பெரியப்பாவின் தேயிலைப் பெட்டியைத் திறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த ஈய வீரர்களைத் துடைத்து வர்ணம் பூசி, 1638 மார்ச் 28ஆம் திகதி நிகழ்ந்த கன்னொறுவைப் போரைச் சாப்பாட்டு மேசையில் மீண்டும் நடத்தியது குறித்துத் தம்பி எழுதியுள்ள கட்டுரை, இம்மடலை எழுதுபவரால் மூன்று முறை வாசிக்கப்பட்டது. அதில் சில இடங்கள் மனத்தை உறுத்தின. ஓரிடம் வாயடைக்க வைத்தது. விரல்நீள வீரர்களை விதிப்படி நகர்த்தி, பகடையின் துணையோடு ஒரு பழைய போரின் போக்கை ஆராயும் இந்தச் சிற்றுருப் போர்விளையாட்டு, 1824இல் பிரஷ்யப் படைக்கென ரைஸ்விட்ஸ் வகுத்த பயிற்சி விதிகளிலிருந்தும் 1913இல் எச். ஜி. வெல்ஸ் வெளியிட்ட சிறு நூலிலிருந்தும் வளர்ந்த வரலாறு தம்பிக்குத் தெரிந்ததேயாகையால், நேரே குறைகளுக்கு வருவதே முறை.

முதற்குறை உடை பற்றியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஈட்டிக்காரர்களுக்குத் தம்பி தீட்டியிருப்பது எசல பெரஹெரா ஊர்வலத்தில் இன்று காணும் ஆட்டக்காரர் கோலம். தலையில் அவர்களுக்கு ‘வெஸ்’ எனப்படும் வெள்ளி முடிகூட வைக்கப்பட்டிருக்கிறது. வெஸ் என்பது கொஹொம்பா கங்காரிய என்னும் சடங்கில் ஆடத் தீட்சை பெற்றவன் அணியும் புனித அணி. அதைச் சூடிக்கொண்டு முட்பற்றைக்குள் எந்தப் போர்வீரனும் பதுங்கியிருந்திருக்க முடியாது. கண்டியில் பிறந்து வளர்ந்த ஒருவரே தம் ஊர்ப் போர்வீரனின் உருவத்தைச் சுற்றுலா அஞ்சலட்டையிலிருந்து எடுத்துக்கொள்வது வருத்தத்துக்குரியது. லேவெல்லைப் பக்கமாக மகாவலி ஆற்றைக் கடந்து சென்றால் தெகல்தொறுவைக் குகை விகாரையின் சுவரோவியங்களைக் காணலாம். அவை 18ஆம் நூற்றாண்டுக்கு உரியவை, கன்னொறுவைக்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியவை என்றாலும், இடுப்புத் துணியோடு நிற்கும் சாதாரணக் கண்டி மனிதனை எந்த அஞ்சலட்டையைவிடவும் நன்றாகக் காட்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மேசை முழுவதும் பச்சை மரத்தூள் தூவி, நடுவே மகாவலியை நீல நாடாவாக இழுத்து, இருபுறமும் படைகளை வரிசை வரிசையாக நிறுத்தியிருப்பது, நெப்போலியன் காலத்து ஐரோப்பியச் சமவெளிக்கென எழுதப்பட்ட விதிநூலைக் கண்டி மலைக்குப் பொருத்தியதன் விளைவாகும். போர்த்துக்கேயத் தளபதி தியோகு டி மெலோ டி காஸ்ட்ரோ கண்டித் தலைநகரை அடைந்தபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. அதனை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுப் பாதைகள் அடைபட்டிருக்க, இன்று பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் தெரியும் கன்னொறுவைக் குன்றில் அவருடைய படை வளைக்கப்பட்டு அழிந்தது. அங்கே இரண்டு அணிகள் நேருக்கு நேர் நின்று மோதியதாகக் கொள்வது பிழை. வீடு திரும்பும் பாதையை இழந்த ஒரு படை களைத்து ஒடுங்கியது என்பதே பொருத்தம். ஆகவே மேசையில் முதலில் செய்யப்பட வேண்டியது பாதை, அடுத்தது காடு, அதன் பிறகே படை. பாதைகளின் குறுக்கே கடவத்தை எனப்பட்ட முட்கதவுகளும் இருந்தன. முட்கொப்புகளைக் கட்டி, கதவுபோல மேலே தூக்கித் திறக்கும் இந்த அமைப்பைத் தொட்டாற்சிணுங்கியின் காய்ந்த தண்டுகளைக் கொண்டே ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

அந்த மேசையில் ஒரு சுமைகாவிகூட இல்லை என்பதே எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை 1820களில், ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில்தான் போடப்பட்டது. அதற்கு முன் மலைநாட்டுக்குள் ஏறிய ஒவ்வொரு படையின் அரிசியும் வெடிமருந்தும் குண்டும் பெரும்பாலும் மனிதத் தோள்களில், காத்தடியில், அதாவது இருமுனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் வைக்கும் தடியில், ஏறின. அந்தத் தோள்கள் ஓடிவிட்டால் படை நின்றது. உலகெங்கும் சிற்றுரு வார்ப்பவர்கள் குதிரைவீரனையும் கொடிபிடிப்பவனையும் நூறு தோரணைகளில் வார்க்கிறார்களே தவிர, அரிசி மூட்டையோடு மூச்சிரைக்கும் மனிதனை வார்ப்பது அரிதினும் அரிது. அவன் இல்லாத மேசையில் கண்டிப் போர்கள் முடிந்த விதத்துக்கான காரணமே இல்லாமற் போகிறது.

எதிர்ப்பக்கத்தின் நிலையோ வேறு. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு 1679இல் தப்பி, 1681இல் தம் நூலை வெளியிட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், இதே இராஜசிங்கனின் வீரர்கள் தத்தம் உணவைத் தாமே கொண்டு வந்ததையும், ஒவ்வொருவனும் தாளிப்பனை ஓலைத் துண்டொன்றை வைத்திருந்ததையும் எழுதுகிறார். முக்கோணமாக நறுக்கிய அந்த ஓலையைக் கூர்முனை முன்னே வரத் தலைமேல் வைத்தால் கொப்புகளை விலக்கிச் செல்லலாம். மழையில் அது குடை, இரவில் கூடாரம். தம்பியின் கட்டுரை நொக்ஸை இரண்டு முறை மேற்கோள் காட்டுகிறது, ஆயினும் ஓலை எந்த வீரனின் தலையிலும் இல்லை. சிகரெட் பெட்டியின் உட்தாளை விசிறிபோல் நுண்ணிய மடிப்புகளாக மடித்து, முக்கோணமாக வெட்டி, வைக்கோல் நிறம் பூசினால் 25 மில்லிமீற்றர் வீரனுக்கு அது அப்படியே பொருந்தும்.

இந்தச் சேகரிப்பு உருவான காலத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, ஏர்பிக்ஸ் பொம்மைவீரர் பெட்டிகள் கடைகளிலிருந்து மறைந்துவிட, தம்பியின் பெரியப்பா மீன்வலைக் குண்டுகளை உருக்கி, சாந்து அச்சுகளில் வீரர்களை வார்த்தார். இம்மடலை எழுதுபவர் அரத்தால் அவற்றின் பிசிறு நீக்கினார். ஹந்தானைச் சரிவிலிருந்த அந்த வீட்டில், மூடுபனி சன்னலை அடைத்த ஒரு டிசம்பர் விடுமுறையில், 1803ஆம் ஆண்டின் போர் மேசையேறியது. கண்டியிலிருந்த பிரித்தானிய மேஜர் டேவியின் காவற்படை காய்ச்சலால் நலிந்து ஜூன் 24இல் சரணடைந்து, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டு, வட்டபுலுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் நின்று, அங்கேயே மாண்ட கதை அது. டேவியின் படை இம்மடலை எழுதுபவர் கையில் இருந்தது. பெரியப்பா எந்தப் படையையும் எடுக்கவில்லை, ஆற்றை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் பகடையை உருட்டி, அட்டையில் வெட்டிய நீர்மட்டத்தை ஒரு விரற்கடை உயர்த்தி, வேறொன்றும் செய்யாமல் இருந்தார். இரண்டு நாட்களில் ஆட்டம் முடிந்தது. கண்டிப் படையின் துவக்கு ஒன்றும் வெடிக்கவில்லை. 1958இல் மினெட் டி சில்வா வடிவமைத்த வீடமைப்புத் திட்டத்தால் இன்று அறியப்படும் வட்டபுலுவை வழியாகப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் அந்த அட்டை நினைவுக்கு வருகிறது.

அந்தத் தேயிலைப் பெட்டி இனி வேண்டாம். வீரர்களின் கால்களில் படிந்திருந்ததாகத் தம்பி குறிப்பிடும் வெண்தூள், பெட்டியின் பலகையிலிருந்து கசியும் அமில ஆவியும் மலைநாட்டு ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரித்ததால் உண்டாவது, அது நஞ்சு. அதனை வாயால் ஊதி அகற்றியதாக எழுதியிருப்பதைப் படித்தபோது நெஞ்சு பதறியது. ஈரத் துணியால் துடைத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மூடியிறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்கு அவற்றை மாற்றுவது இன்றே செய்யப்பட வேண்டியது.

இனி, வாயடைக்க வைத்த இடம். போர்த்துக்கேயரின் பின்வரிசையில் நிற்கும் லஸ்கரின் ஒருவனின், அதாவது அவர்களிடம் சேவகம் செய்த உள்ளூர் வீரனின், கழுத்தை அறுத்து, கம்பி செருகி, தலையைத் தோளுக்கு மேலாகப் பின்னே திருப்பித் தம்பி ஒட்டியிருக்கிறார். துவக்கு முன்னே நீட்டியிருக்க, கண் மட்டும் மன்னன் பக்கத்தைப் பார்க்கிறது. 1594இல் தந்துறையிலும் 1630இல் ரந்தெனிவெலையிலும் லஸ்கரின் படைகள் பக்கம் மாறியதால் இரண்டு போர்த்துக்கேயப் படைகள் வீழ்ந்தன என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும் செய்தி, அந்த ஒரு கழுத்தில் இருக்கிறது. பெரியப்பா வார்த்த எந்த உருவமும், இம்மடலை எழுதுபவர் நாற்பது ஆண்டுகளில் தீட்டிய எந்த உருவமும், அதற்கு இணையாகாது. கட்டுரையிலோ அதற்கு அரை வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் ஒட்டுப்பசையைப் பற்றி.

இத்துடன் பன்னிரண்டு சுமைகாவிகள் பஞ்சில் சுற்றி அனுப்பப்படுகின்றன. பெரியப்பாவின் அச்சில் கடைசியாக வார்க்கப்பட்டவை அவை. இருவருக்குக் காத்தடி ஒடிந்திருக்கிறது, ஈர்க்கில் வைத்து ஒட்டலாம். தலை திருப்பிய லஸ்கரினுக்குப் பக்கத்திலேயே அவர்களை நிறுத்த வேண்டும்.