பழைய மெஷினுக்குப் புதிய மூளை: மோஷன் கண்ட்ரோலரைத் தேர்வு செய்வது எப்படி?

கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். இரும்பை வெட்ட முடியுமா? முடியும். கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம், கையால் சுற்றி ஓட்டும் மில்லிங் மெஷின் ஒன்று இருந்தது. "மாப்ளே, இதை விக்க மனசில்ல. கம்ப்யூட்டர்ல ஓட்ட வழி பண்ணு" என்றார். அதில் நான் செய்த தவறையும் கற்ற பாடத்தையும் இந்த மாதம் பார்ப்போம்.

மோஷன் கண்ட்ரோலர் என்றால் என்ன?

சி.என்.சி. மெஷினுக்கு நாம் ஜி-கோட் என்ற கட்டளைகளைத் தருகிறோம். "எக்ஸ் அச்சில் 10 மி.மீ. நகர்" என்பது மோட்டாருக்குப் புரியாது. அதைப் பல்ஸ்களாக மாற்றி, சரியான நேரத்தில் மோட்டார் டிரைவருக்கு அனுப்புவதே மோஷன் கண்ட்ரோலரின் வேலை.

நான் செய்த தவறு

பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் 25 பின் பேரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் மோட்டார்களை ஓட்டினேன். சும்மா ஓட்டியபோது நன்றாக இருந்தது. ஆர்டர் வேலையின் நடுவே வைரஸ் ஸ்கேன் தானாகத் தொடங்கியது. பல்ஸ்களின் இடைவெளி மாறி, மோட்டார் சில படிகளைத் தவறவிட்டது. நகர்ந்தேனா இல்லையா என்று சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் திரும்பச் சொல்லாது. எனவே கம்ப்யூட்டருக்கு எதுவுமே தெரியவில்லை. நாள் முழுக்க வெட்டிய பீஸ் ஸ்கிராப்புக்குப் போனது. மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள். டிரைவரில் 10 மைக்ரோஸ்டெப் வைத்தால் 2,000 பல்ஸ். ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால், 1 மி.மீ.க்கு 400 பல்ஸ். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 50 மி.மீ. வேண்டுமென்றால், நொடிக்கு 20,000 பல்ஸ் தேவை. சுற்றுக்கு 10,000 பல்ஸ் கேட்கும் சர்வோ மோட்டார் என்றால் இது 1,00,000 ஆகிவிடும்.

எதை வாங்கலாம்?

1. ஆர்டினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல்: இலவச புரோகிராம். 3 அச்சுகள், நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ். மரம் செதுக்கும் சிறிய மெஷின்களுக்குப் போதும். லேத்தில் திரெட் வெட்ட உதவாது.

2. லினக்ஸ்சிஎன்சி: இதுவும் இலவசம். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் பிறந்த திட்டத்தின் தொடர்ச்சி. ஸ்பிண்டிலில் என்கோடர் பொருத்தினால் திரெட்டும் வெட்டலாம்.

3. லினக்ஸ்சிஎன்சியுடன் மீசா 7ஐ76ஈ கார்டு: நெட்வொர்க் கேபிளில் இணையும். 5 அச்சுகள் வரை பல்ஸ்களைக் கார்டே உருவாக்குவதால் வேகமும் நிதானமும் கிடைக்கும்.

மச்சான் சர்வோவுக்கு மாற முடிவு செய்ததால் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். சர்வோ டிரைவரின் அலாரம் வயரையும் கார்டில் இணைத்தோம். இப்போது மோட்டார் பின்தங்கினால் மெஷின் நின்றுவிடும், பீஸ் பிழைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

யுஎஸ்பியைப் பேரலல் போர்ட்டாக மாற்றும் பிரிண்டர் கேபிளை இதற்கு வாங்காதீர்கள், வேலை செய்யாது. அடுத்து, எமர்ஜென்சி பட்டனை சாப்ட்வேரை மட்டும் நம்பி விடாதீர்கள். கம்ப்யூட்டர் உறைந்து போனாலும், அந்தச் சிவப்பு பட்டன் மோட்டாருக்குப் போகும் கரண்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

பீஸ் போனால் வேறு வெட்டலாம். விரல் போனால்?