பட்டம் பெற்ற பின் மருத்துவக் கல்வி: முதலில் வேண்டுவது எது?

பொறியியலோ கணிதமோ வணிகவியலோ பயிலும் நம் மாணவருள் சிலருக்குப் படிப்பு முடியுந் தறுவாயில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. "நான் மருத்துவம் அல்லவா படித்திருக்க வேண்டும்? இனி அது முடியுமா?" என்பதே அது. வேலைக்குச் சென்று சில ஆண்டுகள் கழிந்த பின் இவ்வாறு எண்ணுவோரும் உளர். இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரு வகை. "வயதாகிவிட்டது, மறந்துவிடு" என்பர் ஒரு சாரார். "மனமிருந்தால் மார்க்கமுண்டு, நாளைக்கே பயிற்சி நிலையத்தில் சேர்" என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அரைகுறை உண்மைகளே. வயது இன்று தடையன்று. ஆயின் மனம் மட்டும் இருந்தாலும் போதாது. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்ற ஒழுங்கு வேண்டும். அதனை ஈண்டு காண்போம்.

வயது

2018ஆம் ஆண்டு விதிகளின்படி நீட் தேர்வு எழுதுவோர்க்கு உச்ச வயது 25 என்றும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 30 என்றும் வரையறுக்கப்பட்டது. இதனை எதிர்த்து வழக்குகள் நடந்தன. பின்னர் 2022 மார்ச் 9ஆம் நாள் தேசிய மருத்துவ ஆணையம் இவ்வரம்பை நீக்கிவிட்டதாக அறிவித்தது. குறைந்தது 17 வயது நிரம்ப வேண்டும் என்பதே எஞ்சிய விதி. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2020ஆம் ஆண்டுத் தேர்வில் தகுதி பெற்று, ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 64ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆதலின் 22 வயது இளைஞர் "காலம் கடந்துவிட்டது" என்று வருந்துவதற்கு இடமில்லை.

உயிரியல் என்னும் வாயில்

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித்தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. கணிதப் பிரிவில் பயின்றவரிடம் உயிரியல் இராது. வணிகவியல் பயின்றவரிடம் மூன்றுமே இரா. "கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தேனே, அது போதாதா?" என்று சிலர் வினவுவர். போதாது. பட்டப்படிப்பில் படித்த பாடம் பள்ளி இறுதியில் விடுபட்ட பாடத்திற்கு ஈடாகாது.

முன்னாளில் இது அடைபட்ட வாயிலாகவே இருந்தது. இப்பாடங்களைப் பள்ளியில் இரண்டாண்டு தொடர்ந்து, செய்முறைப் பயிற்சியுடன் படித்திருக்க வேண்டும் என்பது பழைய நிலை. 2023 நவம்பரில் மருத்துவ ஆணையம் இதனை மாற்றியது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பின்னும், ஏற்புடைய கல்வி வாரியத்தின் வழியே இப்பாடங்களைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறலாம் என்று அறிவித்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்வு முதல் இவ்வாயில் திறந்திருக்கிறது. இதனை அறியாமலே ஏக்கத்தோடு ஒதுங்கியவர் பலர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நூலகத்தில் கிடைக்கும் அமெரிக்க வழிகாட்டி நூல்களைக் கொண்டு திட்டமிட வேண்டா. அங்கே பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்வி. கல்லூரி அளவில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைப் பயின்று, எம்கேட் என்னும் தேர்வை எழுதுவர். பட்டம் பெற்ற பின் விடுபட்ட பாடங்களைக் கல்லூரியிலேயே படித்து நிரப்புவதும் அங்கே வழக்கம். நம் நாட்டிலோ நிரப்ப வேண்டியது பள்ளி அளவிலான பாடம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆண்டுகள் வீணாகும்.

பாடத்தைப் பெறும் வழி

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதற்குத் தக்கதொரு வழி. பட்டதாரியும் அங்கே வேண்டிய பாடத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பொதுத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும், நடைபெறும். உயிரியலுக்கு எழுத்துத் தேர்வோடு ஒப்படைவும் செய்முறைத் தேர்வும் உண்டு. வேலையில் இருப்போர் செய்முறை நாள்களுக்கு முன்கூட்டியே விடுப்புக் கேட்டு வைத்தல் நலம்.

நீட் தேர்வு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வரும். ஏப்ரல் பருவத்தில் உயிரியல் எழுதினால் இரு தேர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எனவே அக்டோபர் பருவமே உகந்தது. அதற்குரிய பதிவு அதற்குப் பல மாதங்கள் முன்னரே முடிந்துவிடும். நாள்களை அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்க.

காலக் கணக்கு

ஒருவர் 22ஆம் வயதில், ஜனவரி மாதத்தில், படிக்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் உயிரியல் நூல்கள், பதினொன்றாம் வகுப்பில் 19 இயல்களும் பன்னிரண்டாம் வகுப்பில் 13 இயல்களுமாக, மொத்தம் 32 இயல்கள் கொண்டவை. வாரத்திற்கு ஓர் இயல் என்றால் 32 வாரம். ஆகஸ்டு நடுவில் முதல் சுற்று முடியும். செப்டம்பரில் திருப்புதல், அக்டோபரில் உயிரியல் தேர்வு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு மாதம் மூன்று பாடங்களையும் சேர்த்துப் பயிற்சி. மே மாதம் நீட். இவ்வாறு பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் ஆகும்.

இடம் கிடைத்தால் 23ஆம் வயதில் சேர்க்கை. நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணி. ஆக 29ஆம் வயதில் மருத்துவர். மேற்படிப்புக்கு மேலும் மூன்றாண்டு. இக்கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பெற்றோரிடமும், மணமானவராயின் துணைவரிடமும் காட்டுதல் வேண்டும். அவர்கள் இசைவின்றித் தொடங்கும் நெடும்பயணம் பாதி வழியில் நின்றுவிடும்.

படிக்கும் முறை

2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். இவற்றுள் உயிரியலுக்கு மட்டும் 360. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். புதிதாகப் படிக்கும் பாடமே பாதி மதிப்பெண்ணைத் தாங்குகிறது என்பதை மறத்தலாகாது. கணிதப் பிரிவினர் இயற்பியலில் மகிழ்ந்து உயிரியலைப் பின்னுக்குத் தள்ளுதல் பெருந்தீங்கு.

தமிழ்வழி பயின்றோர்க்கு ஒரு யோசனை. தமிழ்நாட்டுப் பாடநூலில் குன்றல் பகுப்பு, ஒளிச்சேர்க்கை முதலியவற்றை முதலில் தமிழில் படித்துக் கருத்தைத் தெளிந்துகொள்க. பின்னர் அதே பகுதியை ஆங்கில நூலில் படித்துச் சொற்களைப் பழகுக. படங்களைப் பாராமல் வரைந்து பெயர் குறிக்கப் பழகினால் பாடம் நெஞ்சில் நிற்கும். அண்ணன்மாரின் பழைய வழிகாட்டிகளை அப்படியே நம்ப வேண்டா. 2023 அக்டோபரில் பாடத்திட்டம் திருத்தப்பட்டது. வேதியியலில் திண்மநிலை, பலபடிகள் போன்றவை நீக்கப்பட்டன.

இடமும் பொருளும்

2025இல் இத்தேர்வுக்குப் பதிவு செய்தோர் 22 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நாடெங்கும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்தைத் தாண்டும். தகுதி பெறுதல் வேறு, இடம் பெறுதல் வேறு. தனியார் கல்லூரிகள் சிலவற்றில் முழுப் படிப்பிற்கான கட்டணம் ஒரு கோடி ரூபாயையும் கடக்கும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. எஞ்சியவை பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தார்க்கே. வெளிமாநிலத்தில் பயின்ற நாம் எந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டிற்கு உரியவர் என்பதையும், அதற்கு வேண்டிய பிறப்பிடச் சான்றிதழையும் இப்பொழுதே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கலந்தாய்வு நாளில் ஓடுவதால் பயனில்லை.

எனவே, கையிலுள்ள பட்டப்படிப்பை நிறுத்த வேண்டா. வேலையை உடனே விட வேண்டா. பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டுமுன் உயிரியல் பாடத்திற்குப் பதிவு செய்க. அப்பாடத்தில் எட்டு மாதம் ஒழுங்காக அமர முடிகின்றதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்க. முடியுமானால் துணிந்து மேலே செல்லலாம். முடியாதெனில் இழந்தது சிறு கட்டணமும் சில மாலைப் பொழுதுகளுமே. பட்டமும் வேலையும் கையில் நிற்கும். எத்தனை முறை எழுதுவது என்பதையும் முன்னரே முடிவு செய்துகொள்க. விதி எல்லை வகுக்கவில்லை. நம் வாழ்வுக்கு நாமே எல்லை வகுத்தல் வேண்டும்.

ஆழமறிந்து காலை விடு என்பது நம் முன்னோர் மொழி. காலை விடவே வேண்டா என்று அவர்கள் சொல்லவில்லை.