கையெழுத்திடும் முன்

தைப்பிங்கில் உள்ள அந்த வீட்டிற்கு மின்னஞ்சல் வந்தபோது இரவு மணி ஒன்பது. விமானப் பயிற்சியை முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வேலைக்குக் காத்திருந்த மகள், அதை இரண்டு முறை படித்தாள். சிறிய விமான நிறுவனம் ஒன்று அவளைத் துணை விமானியாகச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருந்தது. பத்து நாள்களுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அம்மாவின் கண்கள் கலங்கின. அவளுடைய பயிற்சிக்கு மூன்று இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் செலவாகியிருந்தது. அதற்காக வாங்கிய கடனை அப்பா இன்னும் மாதந்தோறும் கட்டி வருகிறார். விமானி உரிமம் கையில் இருந்தும், அவள் இந்த இரண்டு ஆண்டுகளும் ஒரு துணைப்பாட நிலையத்தில் கணிதம் கற்பித்து வந்தாள்.

அந்த நிறுவனம் இதுவரை ‘டர்போபிராப்’ எனப்படும் விசிறி பொருத்திய சிறிய விமானங்களை மட்டுமே இயக்கி வந்தது. இனி ஜெட் விமானங்களையும் வாங்கி, தொலைதூர நகரங்களுக்கும் பறக்கப் போவதாக அண்மையில் அறிவித்திருந்தது.

“ஜெட் விமானம் வரப்போகிறது என்கிறார்களே! இன்னும் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடு, அம்மா,” என்றார் அப்பா.

“மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், அப்பா,” என்றாள் மகள்.

அம்மாவின் அண்ணன், சுபாங் விமான நிலையத்தில் முப்பது ஆண்டுகள் விமானப் பராமரிப்புப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவர் வந்ததும், ஒப்பந்தத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கினார்.

“நிறுவனம் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்பது தெரிந்தால்தான், உன் வேலை எதை நம்பி நிற்கிறது என்பது தெரியும்,” என்று கூறியவாறு கணக்குப் போடத் தொடங்கினார்.

சுபாங்கிலிருந்து பினாங்கிற்கு வான்வழித் தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. டர்போபிராப் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஜெட் விமானத்தின் வேகம் ஏறத்தாழ 830 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய பயணத்தில் ஜெட் விமானம் மிச்சப்படுத்தும் நேரம் கால் மணி மட்டுமே. ஆனால், அதற்கு எரிபொருள் அதிகம் தேவைப்படும். ஏ.டி.ஆர். 72 வகை டர்போபிராப்பில் ஏறத்தாழ 70 பேர் அமரலாம். போயிங் 737-800 விமானத்தில் 189 பேர் வரை அமரலாம். பாதி இருக்கைகளை நிரப்ப முன்னதற்கு 35 பயணிகள் போதும். பின்னதற்கு 90க்கும் மேற்பட்டோர் வேண்டும். எனவே, குறுகிய பயணத்திற்கும் சிறிய ஊர்களுக்கும் டர்போபிராப் பொருத்தமானது.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினாபாலுவிற்குச் செல்வதென்றால் கணக்கு மாறிவிடும். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவை டர்போபிராப் கடக்க மூன்று மணி நேரத்திற்கும் மேலாகும். ஜெட் விமானம் ஒரு மணி நேரத்திற்கும் மேல் மிச்சப்படுத்தும். ஆனால், அந்தத் தடத்தில் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கின்றன.

“அப்படியென்றால், சிற்றூர்ப் பாதையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தவர் நெடுஞ்சாலையில் இறங்கிப் பெரிய பேருந்துகளோடு போட்டி போடப் போகிறார்,” என்றார் அப்பா.

“சரியாகச் சொன்னீர்கள், மச்சான். போட்டியில் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். நம் நாட்டிலேயே இரண்டிற்கும் சான்று இருக்கிறது,” என்றார் மாமா.

ஏர் ஏசியா நிறுவனம் 1996இல் பறக்கத் தொடங்கியது. 2001இல் டோனி பெர்னாண்டஸும் அவருடைய பங்காளிகளும் அதை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினர். அப்போது அதனிடம் இரண்டு விமானங்களும் ஏறத்தாழ 40 மில்லியன் ரிங்கிட் கடனும் இருந்தன. அவர்கள் அதை மலிவுக் கட்டண நிறுவனமாக மாற்றினர். பிற்காலத்தில் அது நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைக் கொண்ட குழுமமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின்போது, 2005 முதல் போயிங் 737 விமானங்களுக்குப் பதிலாக ஏர்பஸ் ஏ320 விமானங்களைக் கொண்டுவந்தது. ஒரு வகை விமானத்தை ஓட்டியவர் மற்றொரு வகையை ஓட்ட வேண்டுமானால் அதற்கெனத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. வெற்றி பெற்ற மாற்றத்திலும் விமானிகள் மீண்டும் மாணவர்களாக வேண்டியிருந்தது.

மலேசியா ஏர்லைன்சின் துணை நிறுவனமாகத் தொடங்கப்பட்ட ஃபயர்ஃபிளையின் கதை வேறு. 2007இல் பினாங்கிலிருந்து தொடங்கிய இந்நிறுவனம், சுபாங்கையும் தளமாகக் கொண்டு டர்போபிராப் விமானங்களை இயக்கியது. 2011இன் தொடக்கத்தில் போயிங் 737-800 விமானங்களைக் கொண்டு சபா, சரவாக்கிற்கு ஜெட் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மலேசியா ஏர்லைன்சுக்கும் ஏர் ஏசியாவுக்கும் இடையே பங்குப் பரிமாற்ற உடன்பாடு ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து ஃபயர்ஃபிளையின் ஜெட் சேவை நிறுத்தப்பட்டது; நிறுவனம் மீண்டும் டர்போபிராப் சேவைக்கே திரும்பியது. பத்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் பினாங்கிலிருந்து அதன் ஜெட் விமானங்கள் மீண்டும் பறந்தன.

“ஒரே ஆண்டில் வந்ததும் போனதும் நடந்துவிட்டதா?” என்று வியந்தாள் மகள்.

“ஆமாம்மா. விமானிகள் நன்றாக ஓட்டவில்லை என்பதால் அது நடக்கவில்லை. மேலே எடுக்கப்பட்ட ஒரு வணிக முடிவால் நடந்தது. ஆனால், அந்நிறுவனம் மூடப்படவில்லை என்பதையும் கவனி. அதற்குத் திரும்பிப் போக ஒரு பழைய தொழில் இருந்தது. பின்னால் ஒரு பெரிய குழுமமும் இருந்தது. அப்படி எதுவும் இல்லாத புதிய நிறுவனத்தின் நிலை வேறு. மைஏர்லைன் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி, 2023 அக்டோபரில் சேவையை நிறுத்திவிட்டது.”

மகள் அமைதியாக இருந்தாள். பிறகு, தன் மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டாள்.

“மாமா, ஜெட் விமானத்தை எனக்கா தரப் போகிறார்கள்? நான் புதியவள்தானே?”

மாமா சிரித்தார். “இதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.”

புதிய ஜெட் விமானங்களுக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் மூத்த விமானிகளே முதலில் அனுப்பப்படுவர். அவர்கள் விட்டுச் செல்லும் டர்போபிராப் இருக்கைகளை நிரப்பவே புதியவர்கள் தேவைப்படுகின்றனர். அதாவது, அவளுக்கு வந்த வேலை ஜெட் திட்டத்தால் உருவானது. ஆனால், ஜெட்டில் அமரும் வேலை அன்று. திட்டம் கைவிடப்பட்டால் மூத்தவர்கள் பழைய இருக்கைகளுக்குத் திரும்புவர். அப்போது மிஞ்சி நிற்பவர் கடைசியாகச் சேர்ந்தவரே.

அப்பாவின் முகம் வாடியது. “அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?”

“அவசரப்படாதீர்கள், மச்சான். இன்னொரு கணக்கும் இருக்கிறது,” என்ற மாமா, தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார்.

தலைமை விமானியாக உயர்வதற்கு வேண்டிய உயர்நிலை உரிமத்தைப் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மகளிடம் இருப்பது 200 மணி நேரம். இன்னும் 1,300 மணி நேரம் தேவை. மாதம் 65 மணி நேரம் பறந்தால் 20 மாதங்களில் அதை எட்டிவிடலாம். டர்போபிராப்பில் பறந்த நேரமும் அந்தக் கணக்கில் சேரும். இரண்டு விமானிகள் இணைந்து பணியாற்றும் பயணிகள் விமானத்தில் பெறும் பட்டறிவு, பின்னர் எந்த நிறுவனத்திற்குச் சென்றாலும் உதவும். ஆனால், சேவை குறைந்து மாதம் 30 மணி நேரம் மட்டுமே பறக்கக் கிடைத்தால், அதே 1,300 மணி நேரத்திற்கு 43 மாதங்களுக்கும் மேலாகிவிடும்.

“வீட்டில் உட்கார்ந்திருந்தால் எத்தனை மாதம் ஆகும், மாமா?”

“எத்தனை மாதம் ஆனாலும் முடியாது,” என்றார் மாமா. மூவரும் சிரித்தனர்.

அதன்பின் அவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தனர். ஆறாம் பக்கத்தில் மகளின் விரல் நின்றது. பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கும். அதற்கு ஈடாக அவள் ஐந்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் 150,000 ரிங்கிட் கட்ட வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 30,000 ரிங்கிட் குறையும். ஆனால், நிறுவனமே ஆள்குறைப்புச் செய்தால் என்ன ஆகும் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

அப்பா மாதந்தோறும் கட்டிவரும் கடன் மகளின் நினைவுக்கு வந்தது. அந்தக் கடனோடு இதுவும் சேர்ந்தால் குடும்பம் தாங்காது.

“இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் வேலையே கைநழுவிப் போய்விடாதா?” என்று அம்மா கவலைப்பட்டார்.

“பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தங்கச்சி. விமானம் புறப்படும் முன் விமானி எத்தனை பொத்தான்களைச் சரிபார்க்கிறார்! அந்தப் பழக்கம் உள்ளவரைத்தானே அவர்கள் தேடுகிறார்கள்?” என்றார் மாமா.

அன்று மாலை அவள் நிறுவனத்திற்கு நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினாள். புதிய துணை விமானிகள் எந்த விமானத்தில், எவ்வளவு காலம் பணியாற்றுவர்? இப்போதைய விமானிகள் மாதத்திற்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் பறக்கின்றனர்? ஜெட் சேவை தொடங்கிய பிறகு டர்போபிராப் தடங்கள் தொடருமா? ஆள்குறைப்பு நேர்ந்தால் பயிற்சிக் கட்டுப்பாடு என்ன ஆகும்?

ஐந்தாம் நாள் பதில் வந்தது. புதியவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் டர்போபிராப்பில் பணியாற்றுவர். இப்போதைய சராசரி மாதம் 60 மணி நேரம். பழைய தடங்கள் தொடரும். ஆனால், ஜெட் சேவை தொடங்கும் நாள் இன்னும் உறுதியாகவில்லை. நான்காம் கேள்விக்கு, நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தால் தொகை எதுவும் கோரப்படாது என்று விளக்கம் வந்திருந்தது.

“வாய்மொழியாகவும் மின்னஞ்சலிலும் சொன்னால் போதாது. அதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்,” என்றார் மாமா தொலைபேசியில்.

எட்டாம் நாள் திருத்திய ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது.

மகள் அப்பாவை அழைத்துப் பக்கத்தில் அமரச் செய்தாள். “அப்பா, இரண்டு ஆண்டுகளுக்கு ஜெட் கிடையாது. அந்தத் திட்டம் நடக்காமலும் போகலாம். அப்போது என் வேலை போகவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால், நான் பறந்த மணி நேரத்தை யாரும் என்னிடமிருந்து திரும்பப் பெற முடியாது. புதிய கடனும் வராது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடனுக்குத் தந்துவிடுகிறேன். இன்னொரு பகுதியை ஆறு மாதச் செலவுக்கென்று சேமித்து வைக்கிறேன். உரிமத்திற்கான மருத்துவச் சோதனையையும் தேர்வுகளையும் ஒருபோதும் தவறவிட மாட்டேன். வேறு வேலை தேட வேண்டி வந்தால் நான் ஆயத்தமாக இருப்பேன்.”

அப்பா நீண்ட நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். “ஜெட் விமானத்தைப் பற்றித்தான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்,” என்றார் மெல்ல.

“பரவாயில்லை, அப்பா. விசிறி விமானமும் வானத்தில்தான் பறக்கிறது.”

அப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. மகளுக்குக் கிடைத்த வேலைக்கும் நிறுவனத்தின் ஜெட் திட்டத்திற்கும் உள்ள தொடர்பை உம் சொந்த நடையில் விளக்குக.

2. ஏர் ஏசியா, ஃபயர்ஃபிளை ஆகிய இரு நிறுவனங்களின் மாற்றங்களை ஒப்பிட்டு, ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை ஒன்றையும் எழுதுக.

3. நான்காம் கேள்விக்கு நிறுவனம் எழுத்துவழி உறுதி தர மறுத்திருந்தால், மகள் என்ன முடிவெடுத்திருக்க வேண்டும் என நீர் கருதுகிறீர்? காரணங்களுடன் கூறுக.