சாணைச் சக்கரத்தில் மணியின் வடிவம்

காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பகுதியில் மளிகையோடு ஓர் அலமாரியில் உப்புத்தாளும் சாணைச் சக்கரமும் வைத்து விற்பவர்கள் உண்டு. பட்டறைகள் நிறைந்த ஊர் ஆகையால் சரக்கு தேங்காது. ஆனால் "போன தடவை வாங்கிய வீல் போல இல்லையே, சூடு ஏறுகிறதே தவிர இரும்பு தேயவில்லை" என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால் நம்மிடம் பதில் இருப்பதில்லை. "அதே 36-ஆம் நம்பர்தானே கொடுத்தேன்" என்போம். அது பதில் ஆகாது.

நம்பர் என்பது சல்லடைக் கணக்கு. 36 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 36 கண் உள்ள சல்லடையில் பிரித்த மணி. சல்லடை பருமனைப் பிரிக்குமே தவிர வடிவத்தைப் பிரிக்காது. நீள அரிசியும் குண்டரிசியும் ஒரே கண்ணில் இறங்குவதை நாம் பார்த்ததில்லையா?

வடிவத்தை அறிய ஆலைகளில் செய்யும் சோதனை நமக்குப் புதிதல்ல. ஒரு படி பச்சரிசியையும் ஒரு படி அவலையும் நிறுத்துப் பாருங்கள். அவல் எடை குறையும். தட்டையானது நெருங்கி உட்காராது. அதேபோல் புனல் வழியாக மணியைக் குறிப்பிட்ட அளவுள்ள பாத்திரத்தில் விழவிட்டு நிறுக்கிறார்கள். ஒரே பொருள், ஒரே நம்பர் என்றால், எடை கூடினால் உருண்டு திரண்ட மணி. குறைந்தால் கூரான, நீண்ட மணி.

திரண்ட மணி பலத்த அழுத்தத்தைத் தாங்கும். வார்ப்படத்தில் பிசிறு எடுக்கும் கனத்த வேலைக்கு அதுவே ஏற்றது. கூரான மணி லேசான அழுத்தத்திலேயே உலோகத்தைச் சீவி எடுக்கும். ஆனால் சீக்கிரம் உடையும். உடைவதும் ஒருவகையில் நல்லதுதான், புதிய முனை கிடைக்கிறது. உடையாமல் முனை மழுங்கிய மணி சீவாது, உராயும். அந்த உராய்வில்தான் சூடு. கத்தியின் விளிம்பு நீலம் பாரித்தால் பதம் இறங்கிவிட்டது. அந்த முனை நிற்காது.

உப்புத்தாளுக்குக் கூரான மணியே சிறப்பு. மின்புலத்தின் உதவியால் மணிகளை நிமிர்த்திப் பசையில் ஒட்டும் முறை உண்டு. படுத்த மணியால் கூர் வீணாகும்.

வடிவத்தோடு பொருளையும் பார்க்க வேண்டும். 1891-இல் அமெரிக்காவில் அச்சிசன் கண்ட சிலிக்கன் கார்பைடு மிகக் கடினம், கூர்மையும் அதிகம். கல், கண்ணாடி, வார்ப்பிரும்புக்கு நல்லது. எஃகில் வைத்தால் சூட்டில் எஃகோடு வினைபுரிந்து சீக்கிரம் தேயும். எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடுதான். சீட்டில் 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்சைடு, 'சி' என்றால் சிலிக்கன் கார்பைடு. முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலேயக் கம்பெனிகளோடு சேர்ந்து 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், ஆலை அமைத்தது நம் திருவொற்றியூரில்தான். இருந்தும் இந்த இரண்டெழுத்து நம்மில் பலருக்குத் தெரியாது!

ஆகவே வீல் கேட்டு வருபவரிடம் நம்பருக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த உலோகம்? கைமிஷினா, நிறுத்திவைத்த மிஷினா? மொத்த வியாபாரியிடமும் வேலையைச் சொல்லியே சரக்குக் கேளுங்கள்.

மணியை முக்கோணமாகவே வார்த்துச் செய்யும் செராமிக் சரக்கும் வந்திருக்கிறது. விலை அதிகம். போதிய அழுத்தம் கொடுக்காத பட்டறையில் அந்த விலைக்கேற்ற பயன் கிடைப்பது அரிது. கேட்டு வாங்கும் பட்டறை இருந்தால் மட்டும் அரை டஜன் எடுத்து வைக்கலாம்.